கெட்டுப்போன படத்தைத் தூக்கி எறியாதீர்கள்

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம் வைத்திருக்கிறேன். அறைக்கு வருகிறவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "இது என்ன சார்?" என்று கேட்பார்கள். ஓரியன் நெபுலா என்பேன். மரியாதைக்காகத் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் படத்தில் ஒரு விண்மீன்கூடப் புள்ளியாக இல்லை. தட்டில் கொட்டிய சீரகம் போல எல்லாம் சிறுசிறு கோடுகள். நடுவில் செம்மண் கையால் தடவியது போல ஒரு மங்கிய சிவப்பு. அவ்வளவுதான்.

என்னிடம் நல்ல படங்களும் சில உண்டு. அவை கணிப்பொறிக்குள் கிடக்கின்றன. இந்தக் கெட்டுப்போன படத்தைத்தான் கண் எதிரே வைத்திருக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன். சொல்லி முடித்தபின் நம் பள்ளிகளின் வானியல் மன்றங்களோடு ஒரு சிறு சண்டையும் போட இருக்கிறேன். மாணவ நண்பர்களே, அதற்கும் ஆயத்தமாக இருங்கள்.

முதலில், இரவு வானத்தைப் படம் எடுப்பதில் அப்படி என்ன சிக்கல் என்று பார்ப்போம். பகலில் எடுக்கும் படத்துக்குக் காமிராவின் கதவு ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும். ஆனால் ஓரியன் நெபுலா ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. ஆண்ட்ரமீடா காலக்சியோ 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. ஆழ்வான் பொருள்கள் என்று நாம் அழைக்கும் இவற்றின் ஒளி நம்மிடம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்து சேர்கிறது. ஆகவே கதவை ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் திறந்து வைத்து அந்த ஒளியைச் சேமிக்க வேண்டும். அப்படிப் பல படங்கள் எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கூட்ட வேண்டும்.

இங்கேதான் பூமி குறுக்கிடுகிறது. அது 23 மணி 56 நிமிடத்தில் ஒரு முறை தன்னைத்தானே சுற்றுகிறது. அதனால் விண்மீன்கள் ஒவ்வொரு விநாடியும் 15 விகலை நகர்வதாகத் தோன்றுகின்றன. (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை என்பது உங்களுக்குத் தெரியும்.) 15 விகலை என்பது மிகச் சிறிய கோணம் அல்லவா என்று நினைக்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் காமிராவின் பிக்சல் ஒன்றின் அகலம் 3.9 மைக்ரான். அதில் 135 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்சை மாட்டினால், ஒரு பிக்சல் வானில் 6 விகலையைப் பிடிக்கும். விண்மீன் ஒரு விநாடியில் இரண்டரை பிக்சல் தாண்டிவிடும். ஒரு நிமிடத்தில் 150 பிக்சல்!

இதற்கு மாற்று, பூமி சுழலும் வேகத்தில் காமிராவை எதிர்த்திசையில் திருப்பும் தாங்கி. அதில் ஒரு மோட்டார் இருக்கும். மோட்டார் சுழற்றும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக, அதாவது வானத்தின் வடதுருவத்தை நோக்கி, நிற்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை நிறைவேறினால் விண்மீன்கள் புள்ளியாக விழும். நிறைவேறாவிட்டால் சீரகம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன், தை அமாவாசையை ஒட்டிய ஓர் இரவு. கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை வழியாகக் கல்வராயன் மலை ஏறினோம். வெள்ளிமலையைத் தாண்டி ஒரு பாறைத் திட்டில் கருவியை நிறுத்தினோம். நானும் உடன் பணியாற்றும் நண்பர் ஒருவரும் ஐந்து மாணவர்களும். முறையாக அனுமதி வாங்கித்தான் போயிருந்தோம். நீங்களும் அப்படித்தான் போக வேண்டும். கீழே கிழக்கில் கள்ளக்குறிச்சியின் விளக்கொளி ஒரு மங்கிய குடை போலத் தெரிந்தது. மற்றபடி வானம் கரி. ஓரியன் உச்சிக்கு ஏறி நின்றது. ஒரு நிமிடம் வீதம் 40 படங்கள் எடுத்தோம். குளிரில் பற்கள் தந்தியடித்தாலும் எல்லோருக்கும் ஏகக் குதூகலம்.

மறுநாள் கணிப்பொறியில் திறந்து பார்த்தால், நாற்பதும் கோடு.

ஐவரில் ஒருவன் பதினோராம் வகுப்பு மாணவன். மலையிலேயே ஊர். அன்று இரவு அவன்தான் எங்களுக்கு வீட்டிலிருந்து டீ கொண்டுவந்து கொடுத்தான். இருட்டில் முக்காலிக்குப் பக்கமாக நடந்து போனதை நான் பார்த்திருந்தேன். எனக்கு வேறு காரணம் தேடத் தோன்றவில்லை. "நீதான் தம்பி முக்காலியில இடிச்சிருக்கே" என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். "நான் கிட்டவே போகல சார்" என்றான் ஒரே ஒரு முறை. அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு மாலையில் கல்லூரிக்கு வந்தான். கையில் ஒரு கோடு போட்ட நோட்டு. நண்பன் ஒருவனிடமிருந்து அந்த 40 படங்களையும் பென் டிரைவில் வாங்கி, பள்ளிக் கணிப்பொறியில் ஒவ்வொன்றாகத் திறந்திருக்கிறான். ஒரே ஒரு விண்மீனைத் தேர்ந்தெடுத்து, அது ஒவ்வொரு படத்திலும் எத்தனையாவது பிக்சலில் இருக்கிறது என்று எண்ணி எழுதியிருக்கிறான். படத்தின் எண், இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம் என்று மூன்று பத்திகள். இடமிருந்து தூரம் ஏறக்குறைய மாறவே இல்லை. மேலிருந்து தூரம் மட்டும் படத்துக்குப் படம் எட்டு, எட்டு, ஒன்பது, எட்டு என்று கூடிக்கொண்டே போயிருந்தது.

"இடிச்சிருந்தா ஒரு எடத்துல குதிச்சிருக்கணும்ல சார்? இது நடந்துகிட்டே இருக்குது" என்றான்.

முதுகலைப் பட்டம் வாங்கிய என் மூளைக்கு எட்டாத வாதம் அது. யாராவது முக்காலியை இடித்தால் ஒரு படத்தில் கோடு வளைந்து உடையும். அடுத்த படத்தில் விண்மீன்கள் புதிய இடத்தில் போய் நிற்கும். அதோடு சரி. நாற்பது படங்களிலும் ஒரே நீளத்தில், ஒரே திசையில் கோடு விழவேண்டுமானால் காரணம் நாற்பது நிமிடமும் விடாமல் வேலை செய்திருக்க வேண்டும்.

அப்படியானால் காரணம் மோட்டாரா? அதற்கும் படத்திலேயே விடை இருந்தது. ஓரியனின் இடைவாரில் மூன்று விண்மீன்கள் உள்ளன அல்லவா? அதற்குக் கீழே தொங்கும் வாள்தான் நெபுலா இருக்கும் இடம். அந்த வாள் ஏறக்குறைய நேர் வடக்குத் தெற்காக அமைந்தது. எங்கள் படத்தில் கோடுகள் வாளின் நீளவாக்கிலேயே ஓடின. மோட்டார் நின்றுபோயிருந்தாலோ வேகம் தவறியிருந்தாலோ கோடுகள் கிழக்கு மேற்காக, வாளுக்குக் குறுக்கே ஓடியிருக்கும். மோட்டார் சுத்தமாக நின்றிருந்தால் கோட்டின் நீளம் 150 பிக்சல் இருக்கும், எங்களுடையது எட்டுதான். ஆகவே மோட்டார் குற்றவாளி இல்லை. அச்சு துருவத்தைப் பார்த்து நிற்கவில்லை. அச்சு ஒரு பாகை விலகினால், விண்மீன் நிமிடத்துக்கு அதிகபட்சம் 15.7 விகலை வடக்கிலோ தெற்கிலோ நழுவும். எட்டு பிக்சல் என்றால் 48 விகலை. அப்படியானால் விலகல் சுமார் மூன்று பாகை. முழு நிலவை ஆறு முறை வரிசையாக அடுக்கினால் வரும் அகலம்! நாற்பது படங்கள் முடிவதற்குள் நெபுலா ஒரு நிலவின் அகலத்துக்குப் படத்தில் இறங்கிப் போயிருந்தது. அதை நான் கவனிக்கக்கூட இல்லை.

மூன்று பாகைத் தவறு எங்கிருந்து வந்தது? அன்று வடக்கே ஒரு கரடு துருவ விண்மீனை மறைத்திருந்தது. ஆகவே நான் திசைகாட்டியைக் கொண்டு வடக்கைக் குறித்தேன். திசைகாட்டியை எங்கே வைத்தேன் தெரியுமா? தாங்கியின் எஃகுத் தகட்டின்மேல். பக்கத்தில் ஐந்து கிலோ எடையுள்ள இரும்பு எதிர் எடை. பின்னர் கல்லூரி மைதானத்தில் பகலில் அதே போல் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்தோம். திசைகாட்டியைப் பத்தடி தள்ளி எடுத்துப் போனதும் முள் மூன்று பாகைக்கு மேல் திரும்பியது. பதினெட்டு ஆண்டுகளாகக் காந்தவியல் பாடம் நடத்துகிறவன் நான்! (கைபேசியில் இருக்கும் திசைகாட்டியும் இதற்கு விலக்கல்ல. அதற்குள்ளும் காந்தப்புலத்தை அளக்கும் உணரிதான் உள்ளது.) அந்த மாணவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எந்த ஐவர் முன்னிலையில் குற்றம் சாட்டினேனோ அவர்கள் முன்னிலையிலேயே கேட்டேன்.

இந்தத் தவறு கல்வராயன் மலையில் நிகழ்ந்தது தற்செயல் அல்ல. துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும்? ஏறக்குறைய நீங்கள் இருக்கும் இடத்தின் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு. லண்டனில் அது 51 பாகைக்கு மேல், வானத்தின் பாதிக்கு மேலே நிற்கும். கள்ளக்குறிச்சியில் 11.7 பாகைதான். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் அது மறைக்கும் அகலம் சுமார் 10 பாகை. நம் துருவ விண்மீன் அதற்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. ஒரு புளியமரம் போதும், அதை மறைத்துவிட. தூசியும் மூடுபனியும் அந்த உயரத்தில்தான் அடர்ந்திருக்கும். அதைப் பார்க்க முடிந்தாலும் அது துருவத்தில் இல்லை; இப்போது துருவத்திலிருந்து சுமார் 38 கலை தள்ளி நிற்கிறது. போதாக்குறைக்கு, காற்றின் ஒளிவிலகல் அந்த உயரத்தில் அதை 4 கலைக்கு மேல் தூக்கிக் காட்டும்.

தாங்கியோடு வரும் கையேடுகளைப் படித்திருக்கிறீர்களா? துருவ விண்மீனைப் பாருங்கள், மையத்துக்குக் கொண்டு வாருங்கள், வேலை முடிந்தது என்று இரண்டே வரியில் சொல்லிவிடும். படத்தில் அச்சு செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும். நம் ஊரிலோ அச்சு ஏறக்குறையப் படுத்தே இருக்க வேண்டும். சில தாங்கிகள் 20 பாகைக்குக் கீழே இறங்கவே இறங்கா. இறங்குகிறவற்றில் வேறொரு சங்கடம். அச்சைப் படுக்க வைத்ததும் கருவியின் பாரம் முழுவதும் முக்காலியின் வடபுறமாகத் தள்ளிப் போகிறது. வடக்கே ஒரு காலை வைத்தால் எதிர் எடை சுழலும்போது அந்தக் காலில் இடிக்கும். கால் இல்லாமல் விட்டால் ஈர்ப்பு மையம் வெளியே சாய்ந்து முக்காலி கவிழப் பார்க்கும். நாங்கள் கள்ளக்குறிச்சியில் ஒரு லேத் பட்டறையில் எஃகுக் குழாயைக் கடைந்து, முக்காலிக்கும் தாங்கிக்கும் நடுவே ஒரு சாண் உயரத்துக்கு ஒரு குட்டைத் தூண் வைத்தோம். எடை இப்போது காலைத் தொடாமல் மேலேயே சுற்றுகிறது. எந்தக் கையேட்டிலும் இது இல்லை.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்களின் தொல்லை, பெரிய விஞ்ஞானிகளுக்கு ஏது என்று எண்ண வேண்டாம். எங்கள் மலைக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டரில், ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர் வானாய்வகம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரி 6ஆம் நாள், அதை உருவாக்கக் கனவு கண்ட வைணு பாப்புவின் பெயரால் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. அதன் தாங்கி குதிரை லாடம் போன்ற வளையமும் நுகத்தடி போன்ற சட்டமும் கொண்டது. அச்சை வடக்கு, தெற்கு இரு முனைகளிலும் தாங்கிப் பிடிக்கிறது. லாடத்தின் இடைவெளி வழியே வானத்தின் வடதுருவப் பகுதியையும் பார்க்கலாம். அச்சு படுத்துக் கிடக்கும் குறைந்த அட்சரேகைக்கு ஏற்றது என்பதற்காகவே அத்தகைய அமைப்பு. பிறர் எங்கோ செய்ததை அப்படியே கொண்டுவந்து நிறுத்தாமல், நம் இடத்துக்கு எது பொருந்தும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் குட்டைத் தூணும் அந்த லாட வளையமும் ஒரே கேள்விக்குப் பிறந்த விடைகள் என்று நான் மாணவர்களிடம் பெருமையடித்துக் கொள்வதுண்டு.

தாழ்ந்த துருவம் வெறும் தொல்லையும் அல்ல. தெற்கு வானம் நமக்குத் திறந்து கிடக்கிறது. ஒமேகா செண்டாரி என்னும் மாபெரும் விண்மீன் கொத்து நம் மலையிலிருந்து 30 பாகை உயரத்துக்கு எழும். லண்டன்காரர் அதை ஊரில் இருந்தபடி காணவே முடியாது.

சரி, துருவ விண்மீன் தெரியாத இடத்தில் என்ன செய்வது? விண்மீன்களின் நழுவலையே கருவியாக்கிக் கொள்ள வேண்டும். வான நடுவரைக்கு அருகில், உச்சிக்கோட்டில் நிற்கும் ஒரு விண்மீனைக் காமிராத் திரையில் பெரிதாக்கி ஐந்து நிமிடம் பாருங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது. வடக்கே நழுவினால் மேற்கே திரும்பியிருக்கிறது. அச்சைத் திருத்திவிட்டுக் கிழக்கு வானில் தாழ்ந்திருக்கும் ஒரு விண்மீனைப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. வடக்கே என்றால் உயர்ந்திருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி மூன்று நான்கு முறை செய்தால் போதும். முதல் தடவை எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்தது. இப்போது இருபது நிமிடம்.

எல்லாக் கோளாறும் அச்சுக் கோளாறு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒவ்வொரு கோளாறும் விண்மீனின் வடிவத்தில் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் போகிறது. முதலில் செய்ய வேண்டிய சோதனை மிக எளிது. ஒரு நிமிடப் படத்தில் விண்மீன்கள் கோணலாக இருந்தால், அதே இடத்தை ஒரே ஒரு விநாடி மட்டும் படம் எடுங்கள். கோணல் மறைந்துவிட்டால் குறை தாங்கியில். அச்சு, மோட்டார், காற்று, இளகிய திருகு இவற்றில் ஒன்று. கோணல் அப்படியே இருந்தால் குறை கண்ணாடியில்; குவியம், லென்ஸ், காமிரா சாய்வு இவற்றில் ஒன்று. பாதிச் சந்தேகங்கள் ஒரே விநாடியில் விடுதலை! இந்த ஒரு விநாடியைச் செலவிடாமல் புதிய தாங்கி வாங்கியவர்களை நான் அறிவேன்.

குவியத்தைப் பற்றி ஒரு கணக்கு. லென்சின் வளையத்தில் முடிவிலியைக் குறிக்கும் அடையாளம் இருக்கும். விண்மீன் முடிவிலியில்தானே இருக்கிறது என்று முள்ளை அங்கே வைத்துவிட்டுப் படம் எடுப்பார்கள். மங்கும். ஏன்? குவியத் தூரத்தை லென்சின் திறப்பு விட்டத்தால் வகுத்தால் வரும் எண் 2.8 என்று கொள்வோம். ஒளிக்கூம்பு ஒவ்வொரு 2.8 மைக்ரான் விலகலுக்கும் ஒரு மைக்ரான் அகலமாகும். மங்கல் ஒரு பிக்சலுக்குள், அதாவது 3.9 மைக்ரானுக்குள் அடங்க வேண்டுமானால் குவியம் 11 மைக்ரானுக்கு மேல் பிசகக்கூடாது. அது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு! வளையத்தில் அச்சடித்த அடையாளத்துக்கு அந்த நுட்பம் ஏது? தவிர, நடுநிசிக்குள் மலையில் வெப்பநிலை இறங்கும், உலோகம் சுருங்கும், ஏழு மணிக்கு வைத்த குவியம் பதினொரு மணிக்கு இருக்காது. ரஷ்யரான பாவெல் பாக்தினோவ் 2005இல் வகுத்த ஒரு கீற்றுத் தட்டி இதற்குக் கைகொடுக்கும். கருப்பு அட்டையில் மூன்று சாய்வுகளில் கீற்றுகளை வெட்டி லென்சின் முன் மாட்டினால், பிரகாசமான விண்மீனிலிருந்து மூன்று கதிர்கள் கிளம்பும். நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரியாக நடுவில் வந்தால் குவியம் சரி. ஒளி விளிம்பு விலகல் பாடத்தை இதைவிட நன்றாக எந்தக் கரும்பலகையும் நடத்தாது.

விண்மீன்களைச் சுற்றி ஒளிவட்டம் பூத்து, படம் வரவர வெளிறினால் லென்சின்மேல் பனித்துளி. பனி வானத்திலிருந்து விழுவதில்லை. திறந்த வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசிக் கண்ணாடி குளிர்ந்துபோகிறது. அருகிலுள்ள ஈரக்காற்று அதன்மேல் படிகிறது. மார்கழி, தை மாதங்களில் கல்வராயன் மலையில் இது தவறாது. துணியால் துடைக்காதீர்கள், வெப்பம் கொடுங்கள். 330 ஓம், அரை வாட் மின்தடைகள் எட்டை இணையாக இணைத்து ஒரு துணிப்பட்டியில் தைத்து லென்சைச் சுற்றிக் கட்டி, 12 வோல்ட் மின்கலத்தில் மாட்டுங்கள். ஒவ்வொன்றும் 0.44 வாட்; மொத்தம் மூன்றரை வாட். போதும். மழை பெய்த செம்மண்ணில் முக்காலியின் கால் மெல்லப் புதைவது, லென்சின் அதிர்வு தடுக்கும் விசையை அணைக்க மறப்பது, தொங்கும் மின்கம்பி தாங்கியை இழுப்பது ஆகியவற்றையெல்லாம் நீங்களே கண்டுகொள்வீர்கள்.

கருவியை அமைப்பதில் வரும் பிழை எவ்வளவு பெரிய இடத்திலும் நுழையும் என்பதற்கு ஹப்பிள் தொலைநோக்கியே சாட்சி. காவலூர்த் தொலைநோக்கியை ஒத்த அளவுதான், 2.4 மீட்டர் ஆடி. 1990 ஏப்ரலில் விண்ணுக்கு ஏறியபின் அதன் படங்கள் மங்கலாக வந்தன. ஆடியின் விளிம்பு 2.2 மைக்ரான் கூடுதலாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தேய்த்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஆடியைச் சோதிக்கும் கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி அமைக்கப்பட்டிருந்தது. தவறான அளவுகோலை வைத்து மிகத் துல்லியமாகத் தேய்த்திருக்கிறார்கள்! இதில் என்னை உலுக்குவது வேறொன்று. வேறு இரு சோதனைகள் பிழையைக் காட்டவே செய்தன. அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கப்பட்டன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்திய பிறகே படம் தெளிந்தது. "நான் கிட்டவே போகல சார்" என்ற குரலை நான் ஒதுக்கினேன் அல்லவா? அளவு வேறு, செய்கை ஒன்றுதான்.

இனி அந்தச் சண்டைக்கு வருகிறேன். பள்ளிகளில் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போகிறேன். வானியல் மேசையில் பளபளக்கும் நெபுலாப் படங்கள் இருக்கும். எப்படி எடுத்தாய் என்றால் சொல்லத் தெரியாது. பாதி படங்கள் எங்கிருந்தோ இறக்கியவை. எடுத்தவர்களும் கெட்ட படங்களை அழித்துவிட்டு ஒரே ஒரு நல்ல படத்தை மட்டும் கொண்டுவருவார்கள். மதிப்பெண்ணும் அந்தப் படத்துக்குத்தான். வானியல் மன்றத்துக்குப் பணம் கிடைத்தால் உடனே இன்னும் பெரிய தொலைநோக்கி வாங்குகிறார்கள். முதல் அமாவாசையில் கோடு கோடாகப் படம் வரும். கருவி சரியில்லை என்று சொல்லிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். துணி போர்த்திய தொலைநோக்கிகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நோய் எதுவும் இல்லை. யாரும் ஒரு விநாடிச் சோதனையைச் செய்து பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எனவே என் கட்சி இது. கண்காட்சியில் நல்ல படத்துக்கு ஒரு பங்கு மதிப்பெண் என்றால், கெட்ட படத்தோடு அது ஏன் கெட்டது என்ற நோட்டையும் கொண்டுவருகிறவருக்கு மூன்று பங்கு கொடுக்க வேண்டும். நோட்டில் தேதி, நேரம், வெப்பநிலை, எதை மாற்றினோம், மாற்றியதும் என்ன ஆயிற்று என்று இருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். அச்சையும் குவியத்தையும் ஒருசேரத் திருத்தினால் படம் தெளிந்தாலும் எதனால் தெளிந்தது என்று தெரியாது. அடுத்த மாதம் மீண்டும் அதே குழியில் விழுவோம்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். "சார், இப்போதெல்லாம் கருவியே தன்னைத் திருத்திக்கொள்கிறது, எதற்கு இந்தப் பாடு?" உண்மைதான். காமிரா எடுத்த படத்தை விண்மீன் அட்டவணையோடு கணிப்பொறி ஒப்பிட்டு, அச்சு எத்தனை கலை எந்தப் பக்கம் பிசகியிருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. துருவ விண்மீன் தெரியாத இடத்திலும் சொல்கிறது. நானும் அதைப் பயன்படுத்துகிறேன். அது நம் மலைக்கு ஒரு வரம். ஆனால் அது அச்சைப் பற்றி மட்டும் பேசும். பனித்துளியையும் புதையும் முக்காலிக் காலையும் அது அறியாது. நழுவலைக் கண்ணால் ஒரு முறையாவது பார்த்தவனுக்கே அது சொல்லும் எண்ணின் பொருள் விளங்கும். கோடுகளைக் கணிப்பொறியிலேயே உருட்டிப் புள்ளியாக்கும் நிரல்களும் வந்துவிட்டன. அவற்றின்மேல்தான் எனக்கு உண்மையான கோபம். காய்ச்சல் ஏன் வந்தது என்று பார்க்காமல் வெப்பமானியின் கோட்டை அழிப்பது போன்றது அது. எங்கள் நாற்பது படங்களையும் அன்றே அப்படி உருட்டியிருந்தால் கண்ணுக்கு இதமான நெபுலா கிடைத்திருக்கும். ஒரு பையனின்மேல் போட்ட பழி அப்படியே நின்றிருக்கும்.

அந்த மாணவன் இப்போது பட்டப்படிப்பில் இருக்கிறான். விடுமுறைக்கு ஊர் வரும்போது அவனும் எங்களோடு பாறைத் திட்டுக்கு வருகிறான். நோட்டு இன்னும் அவன் பொறுப்பில்தான். இப்போது 360 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள ஒரு சிறு தொலைநோக்கியை மாட்டுகிறோம். அச்சு சரி, குவியம் சரி, நடுவில் விண்மீன்கள் ஊசி முனை. ஆனால் படத்தின் வலது கீழ் மூலையில் மட்டும் ஒவ்வொரு விண்மீனுக்கும் ஒரு குட்டி வால். நான்கு மூலையிலும் இருந்தால் லென்சுக்கும் காமிராவுக்கும் உள்ள இடைவெளி பிசகு எனலாம். ஒரே மூலை என்றால் ஏதோ ஒன்று சாய்ந்திருக்கிறது. எது? தொலைநோக்கியின் குழாயா, காமிராவை இணைக்கும் வளையமா? காமிராவை மட்டும் 90 பாகை திருப்பி மீண்டும் எடுத்தால் தெரிந்துவிடும். வால் படத்தின் அதே மூலையில் நின்றால் குறை காமிராப் பக்கம். வேறு மூலைக்குப் போனால் தொலைநோக்கிப் பக்கம். போன முறை காமிராவைத் திருப்பி இறுக்கிய நேரத்தில் மேற்கிலிருந்து மேகம் ஏறிவிட்டது. நோட்டில் அந்த வரி, "காமிராவைத் திருப்பிய பின் வால் இருக்கும் மூலை" என்பதோடு நிற்கிறது. பக்கத்துக் கட்டம் காலி. அடுத்த அமாவாசைக்கு மலையேறுகிறோம்.